எட்டு ஏழு பூஜ்யம்

அந்த வீட்டில் போன் அடித்தால் யாரும் சட்டென்று எடுத்துவிட மாட்டார்கள். தம்பி மனைவி முதலில் திரையைப் பார்த்து ஆரம்ப இலக்கங்களை உரக்கப் படிப்பாள். அவள் கணவனின் அக்கா பக்கத்து அறையில் இருந்தாலும் சரி, குளியலறையில் இருந்தாலும் சரி, அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லுவாள்.

“அண்ணி, அம்பத்தஞ்சு, பதிமூணு.”

“அம்பத்தஞ்சு பிரேசில். பதிமூணுன்னா சாண்டோஸ் துறைமுகம். நம்ம ஆளுதான், எடு.”

சொன்னபடியே அது தம்பியாகத்தான் இருக்கும். தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அங்கே கிடைக்கிற சிம் கார்டைப் போட்டு மனைவியைக் கூப்பிடுவான். அக்கா தேதியைப் பார்த்து, வழியைக் கணக்குப் போட்டு, நாட்டுக் கோடு எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் அவன் எந்தக் கரையில் நிற்கிறான் என்று சொல்லிவிடுவாள். அவன் மனைவிக்கு அது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். அந்த ஆச்சரியம் அக்காவுக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரு தொலைபேசி நிறுவனத்தில், மோசடிப் புகார்ப் பிரிவில் வேலை. உலகத்துக் கோடெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலகத்தில் அவளுக்கு ‘உலக உருண்டை’ என்று பெயர். பெயர் வைத்தவன் அவள் அறிவை மட்டும் நினைத்து வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். உடம்பும் கொஞ்சம் ஒத்துழைத்தது. அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. ஆனால் யாராவது முப்பத்தொன்று என்றால் ஒரே இடம் என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். முன்னால் நின்றால் அது நெதர்லாந்து. தென்னாப்பிரிக்காவின் இருபத்தேழுக்குப் பின்னால் நின்றால் டர்பன் ஊர். உள்ளூரில் பூஜ்யம் பத்து என்று தொடங்குகிற ராட்டர்டாம் எண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து போடும்போது அந்தப் பூஜ்யத்தை உதறிவிட வேண்டும். இத்தாலிக்காரன் வீட்டு எண்ணில் உதறினால் லைன் போகாது, அவன் பூஜ்யத்தை விட்டுக்கொடுக்க மாட்டான். ஒன்று என்ற கோடை அமெரிக்காவும் கனடாவும் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளும் தீவுகளும் சேர்ந்து வைத்திருக்கின்றன. அடுத்த மூன்று இலக்கத்தைப் பார்க்காமல் யார் என்று சொல்லவே முடியாது. மோசடிக்காரன் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவான். என்னவோ ஏதோ என்று நாம் திருப்பிக் கூப்பிட்டால் மாட்டிக்கொண்டோம், நிமிஷத்துக்கு நிமிஷம் பணம் பறந்துவிடும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போன் சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே, குளிர்சாதனப் பெட்டியை ஒட்டிய சுவரில் ஒட்டியிருந்தாள். தம்பி போகிற துறைமுகங்களின் கோடுகள் நீல மையில் இருந்தன. எடுக்கக் கூடாதவை சிவப்பு மையில். மூன்று வருஷத்துக்கு முன் மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் பார்த்து எழுதியது. சிவப்பில் கடைசியாக இருந்தது எட்டு ஏழு பூஜ்யம். அதற்கு நேரே மற்றவற்றுக்கு எழுதியதைப் போல நாட்டின் பெயர் எழுதவில்லை. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கோடு. அக்கா அங்கே ‘நாடு கிடையாது, வெட்டு’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஐம்பத்திரண்டு நாளைக்கு முன் ஒரு சண்டை நடந்தது.

தம்பி ஏற்கெனவே ஒன்பது மாத ஒப்பந்தத்தை ஒரு தடவை நீட்டித்திருந்தான். இன்னொரு தடவை நீட்டிக்கக் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்று போனில் கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவன் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள்; நாள் முழுக்க இயந்திரத்தோடு கத்திக் கத்தி, பொதுவாக வீட்டுக்கு வந்தால் குரலே எழாது. அன்றைக்கு எழுந்தது.

“மறுபடி நீட்டிச்சீங்கன்னா எனக்குப் போன் பண்ண வேண்டாம். பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.”

அவள்தான் வைத்தாள். பத்து நாள் போன் வராமல் போன பிறகுதான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள்.

“நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். அவன் எங்க அப்பா மாதிரி. ஒரு வார்த்தை பட்டுச்சுன்னா மனசுலயே வச்சுக்குவான்.”

தம்பி மனைவி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பதினைந்தாம் நாள் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். கப்பல் நடுக்கடலில் இருக்கிறது, எல்லாரும் நலம் என்றார்கள். நலமாக இருந்துகொண்டே பேசாமல் இருக்கிறான் என்று ஆகிவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாட்ஸாப்பில் அவள் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. தன்னையே பிளாக் பண்ணிவிட்டான் போலிருக்கிறது என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவப் போய், கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலையில், நீ சொன்னதற்குத்தானே என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இதற்கு நடுவில், இருபதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. அக்கா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அவசரமாக ஓடிவரும் காலடி கேட்டது.

“அண்ணி, எட்டு ஏழு பூஜ்யம்.”

“எட்டு ஏழு பூஜ்யமா? தாளைப் பாரு, சிவப்புல இருக்கும். வெட்டிட்டு பிளாக் பண்ணு.”

“எந்த நாடு அண்ணி?”

“நாடே கிடையாது அதுக்கு. ஏமாத்துறவன். வெட்டு.”

மணி நின்றது. அக்கா தலையில் இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

சண்டை நடந்த ஐம்பத்திரண்டாம் நாள் மதியம், புகார் கவுண்டருக்கு ஒரு பெண்மணி வந்தாள். அறுபது வயதிருக்கும். தையல் டீச்சர் என்று சொல்லிக்கொண்டாள். கையில் போன், போனின் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுச் செருகிய ஒரு சீட்டு.

“இந்த நம்பருக்கு எங்க போன்லேருந்து கூப்பிட முடியல. நீங்கதான் தடுத்து வச்சிருக்கீங்களாம். திறந்து விடுங்க.”

சீட்டில் எண் தெளிவாக எழுதியிருந்தது. எட்டு ஏழு பூஜ்யத்தில் தொடங்கியது. அக்கா வழக்கமாக எடுத்துவிடுகிற புன்னகையை எடுத்துவிட்டாள்.

“அம்மா, இதெல்லாம் ஏமாத்துற நம்பர். உங்களைக் காப்பாத்தத்தான் தடுத்திருக்கோம். இது எந்த நாட்டு நம்பரும் இல்லை.”

“எப்படி இருக்கும்? நாட்டுல இருந்தாத்தானே நாட்டு நம்பர் இருக்கும்” என்றாள் டீச்சர், மக்குப் பிள்ளைக்குப் பொத்தான் வைக்கச் சொல்லித் தருகிற பொறுமையோடு. “எம்பொண்ணு கப்பல்ல ஆபீசரா இருக்கா. நடுக்கடல்ல அவளுக்கு ஏது நாடு? சாட்டிலைட் போன். அவங்க கப்பல் நம்பர் இது.”

அக்காவுக்கு அந்தச் சுற்றறிக்கை அப்படியே நினைவுக்கு வந்தது. எட்டு ஏழு பூஜ்யம், கடலிலும் வானிலும் பயன்படும் செயற்கைக்கோள் சேவை என்று முதல் பத்தியில் இருந்தது. மோசடிக்கும் பயன்படுத்துகிறார்கள், ஆகவே சாதாரண இணைப்புகளில் தடுக்கவும் என்று மூன்றாம் பத்தியில் இருந்தது. இரண்டையும்தான் படித்தாள். எழுதி ஒட்டியது மூன்றாம் பத்தியை மட்டும். பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கோடும் அவள் மேசைக்குப் புகாராகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பெண்ணோடு பேசினேன், நன்றாகப் பேசினாள் என்று சொல்ல எவரும் புகார்ப் பிரிவுக்கு வருவதில்லை. கோடுக்குப் பின்னால் ஆள் இருப்பார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதுவும் யார் வீட்டில்? கப்பல்காரன் வீட்டில்.

டீச்சரின் விண்ணப்பத்தை வாங்கி, இணைப்பைத் திறந்துவிட்டு, மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்தாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறை ஒரு ஆள் குறுக்கே படுத்தால் நிறைந்துவிடும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிரேக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு லென்ஸும் ஒரு சீட்டும். தம்பி மனைவி இயந்திரத்தின் முன் குனிந்து, தண்ணீர் தெறிக்கத் தெறிக்க ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“அவருக்கு என்ன அண்ணி?”

“அவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. உன் போனைக் குடு.”

பிளாக் பண்ணிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போன் மூச்சுக்கூட விடாது. தன் பாட்டுக்குத் துண்டித்துவிட்டு ஒரு மூலையில் குறித்துவைத்துக்கொள்ளும். அக்கா அந்த மூலையைத் தேடித் திறந்தாள். ஒரே எண், பதினொரு தடவை. முதல் தடவை அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. பிறகு நாலு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு ஒன்று. கடைசியில் ஒரே நாளில் மூன்று. அதுவும் ஆறு நாளைக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“இது யாரு?” என்றாள் தம்பி மனைவி.

“கப்பல். கப்பல்லேருந்து கூப்பிடற நம்பர் இது.”

அவள் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். “நீங்க நாடே கிடையாதுன்னீங்களே” என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. புரியாததைக் கேட்கிற குரல்.

அக்கா அந்த எண்ணுக்குத் திருப்பிப் போட்டாள். லைன் போகவில்லை. ஏன் போகும்? தடுத்து வைத்ததே அவளுடைய பிரிவுதான். தன் மேசைக்குத் தானே போன் போட்டாள். அவளுக்குப் பட்டப்பெயர் வைத்த அந்தச் சக ஊழியன்தான் எடுத்தான்.

“இந்த நம்பருக்கு எட்டு ஏழு பூஜ்யத்தைத் திறந்துவிடு. உடனே.”

“என்ன, உலக உருண்டையே சிவப்பைத் திறக்கச் சொல்லுது” என்று சிரித்தான். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன போடட்டும்?”

“தம்பின்னு போடு.”

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மணி போனது, எங்கோ கிணற்றுக்குள் அடிப்பதைப் போல. யாரோ ஒருவன் உடைந்த ஆங்கிலத்தில் கப்பலின் பெயரைச் சொன்னான். அக்கா சமையல்காரனைக் கேட்டாள். காத்திருக்கச் சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டு டிரேக்களின் நடுவே வைத்துவிட்டு இருவரும் குனிந்து நின்றார்கள். கீழே எஞ்சின் உறுமுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“ஹலோ” என்றது தம்பியின் குரல்.

“நான் அக்கா பேசறேன்டா.”

பதில் வர நேரமானது. குரல் வானத்துக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி இறங்கி வர வேண்டும். போக வர ஒரு வினாடி ஆகும் என்பதும் அக்காவுக்குத் தெரிந்த விஷயம்தான்.

“அக்கா? எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அவளுக்கு ஏதாவது—”

“நல்லா இருக்கா. பக்கத்துலதான்—”

இரண்டு குரலும் வழியில் மோதிக்கொண்டன. இருவரும் நிறுத்தினார்கள். பிறகு அவனே பேசினான்.

“என் போன் சூப் பாத்திரத்துல விழுந்து போச்சு. நம்பரெல்லாம் அதோட போச்சு. அவ நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம். கேப்டன்கிட்ட கெஞ்சி இந்தப் போன்ல கூப்பிட்டேன். பதினோரு தடவை. மணி அடிக்கறதுக்குள்ள வெட்டிடறா. சரி, சொன்னதைச் செய்யறான்னு விட்டுட்டேன்.”

“எதுக்குடா கூப்பிட்ட?”

ஒரு வினாடி.

“இறங்கி வர்றேன்னு சொல்லத்தான். நீட்டிக்கல, வந்துடறேன்னு. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்னு இருந்தேன். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் கேப்டன் டைம் குடுத்தார். அன்னைக்கு மூணு தடவை போட்டுப் பாத்தேன். வீட்டுக்கதவு திறக்குமான்னே தெரியாம எங்க வந்து இறங்கறது? கையெழுத்துப் போட்டுட்டேன். ஒம்பது மாசம்.”

“மாத்திக் கேளுடா. இப்பவே போய்க் கேளு.”

“எனக்குப் பதிலா வரவேண்டிய ஆளை வேற கப்பலுக்கு அனுப்பிட்டாங்க அக்கா. இனி ஒண்ணும் பண்ண முடியாது.” எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவன் மூச்சு விடுவது கேட்டது. “அவ மேல தப்பு இல்லை. நான்தான் முன்னாடி ஒரு தடவை நீட்டிச்சு ஏமாத்தினேன். கோபம் குறைஞ்சதுன்னா பேசச் சொல்லு.”

தம்பி மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் இயந்திரத் தண்ணீரும் கண்ணாடித் தூளும். அக்கா பேச வாயெடுத்தாள்.

“லைன்ல ஏதோ கோளாறுடா. அவ வெட்டலை. இந்தச் சாட்டிலைட் லைன்ல அப்படித்தான்—”

சரளமாகத்தான் வந்தது. எத்தனை ஆயிரம் பேருக்குக் கவுண்டரில் சொல்லியிருப்பாள், லைன் கோளாறு என்று. அதை அவனும் நம்பியிருப்பான். அவளை விட்டால் அவனுக்குத் தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் பக்கத்தில் நின்றவள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காத பார்வைதான். நாக்கை அடக்கியிருக்கலாம் என்று தான் சொன்ன நாளிலும் இதே பார்வைதான் பார்த்தாள் என்று அக்காவுக்கு நினைவு வந்தது.

“இல்லடா” என்றாள். “கோளாறு இல்ல. நான்தான். எட்டு ஏழு பூஜ்யத்தை ஏமாத்துற நம்பர்னு நான்தான் தாள்ல எழுதி ஒட்டினேன். நீ முதல்ல கூப்பிட்டப்ப அவ எங்கிட்ட ஓடிவந்து கேட்டா. நான்தான் வெட்டு, பிளாக் பண்ணுன்னு சொன்னேன். அவளுக்குத் தெரியாது. பத்து நாளாச்சு, இருபது நாளாச்சுன்னு உன் போனுக்காக உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு இருந்தா. நான் என்னடான்னா அவளையே திட்டிக்கிட்டு இருந்தேன்.”

ஒரு வினாடி ஆனது. அது வானத்துக்குப் போய்வருகிற நேரம். அக்காவுக்கு அது சரியாகத் தெரியும். இரண்டாயிற்று. மூன்றாயிற்று. அதற்கு மேல் வந்த மௌனத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் சம்பந்தம் இல்லை.

“நீயா” என்றான் கடைசியில். பிறகு, “அவகிட்ட குடு.”

தம்பி மனைவி போனை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்துக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, டிரேக்கள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பேசியது அக்காவுக்குக் கேட்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அந்தச் சின்ன அறையில் தள்ளி நிற்க இடமில்லை. அக்கா கடையின் முன்பக்கம் வந்து, யாரோ வாங்கப் போகிற கண்ணாடிச் சட்டங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். நாக்கை அடக்கியிருக்கலாம் என்ற வாக்கியத்தை அவள் திருப்பிச் சொல்லுவாள் என்று அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வார்த்தை திட்டிவிட்டால், மன்னிப்புக் கேட்கவாவது ஒரு வழி பிறக்கும். அவள் நகத்திலிருந்த கண்ணாடித் தூளைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

இறங்கும்போது, “ஒம்பது மாசம்தானே அண்ணி. ஓடிடும்” என்றாள். எதிரில் யாரோ தெரியாதவருக்கு வழி சொல்லுகிறதைப் போல மரியாதையாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு அக்கா சுவரிலிருந்த தாளைக் கிழிக்கப் போனாள். தாள் அங்கே இருந்தால்தானே. தம்பி மனைவி செருப்பைக் கழற்றிய கையோடு அதைப் பிய்த்து, நாலாக மடித்து, குப்பையில்கூடப் போடாமல் அக்காவின் மேசைமேல் வைத்திருந்தாள். உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். சிவப்பு மை மடிப்பில் தெரிந்தது.

விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சமையலறையில் போன் அடித்தது. கப்பலாக இருக்காது, அடுத்த தடவை ஞாயிற்றுக்கிழமைதான் என்று அவன் சொல்லியிருந்தான். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழக்கம் அப்படி. உதடு தயாராக இருந்தது. இரண்டு இலக்கம் காதில் விழுந்தால் போதும், நாட்டைச் சொல்லிவிடலாம். நிதானமாகப் பார்த்து, யோசித்து, இந்தத் தடவை சரியாகச் சொல்லலாம்.

மூன்றாம் மணியில் போன் எடுக்கப்பட்டது.

“ஹலோ, யாருங்க?” என்றாள் தம்பி மனைவி. எதிர்முனையில் ஒருத்தன் பரிசு விழுந்திருக்கிறது என்று கடகடவென்று ஒப்பிப்பது அறை வரைக்கும் கேட்டது. அவள் குறுக்கிடவில்லை. அவன் சொன்னதையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டாள். “அது நான் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

எந்த நாடு என்று அவள் கேட்கவே இல்லை.